தக்கைப் பிடி

முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போகும் மாலை பஸ் ஒருநாள் ஒரு வெருளிக்காக நின்றது. நான் அந்த பஸ்ஸுக்குள் இருந்தேன். ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் யாரோ புதிதாகக் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டிருந்தார்கள். பழைய காக்கிச் சட்டை மாட்டின வைக்கோல் வெருளி ஒன்று றோட்டுக்கரை வேலிக்குப் பக்கத்தில் ஒரு கையைத் தூக்கினபடி நின்றது. றைவர் அண்ணை பிறேக்கை அமத்தினார். பஸ்ஸின் வாசல் சரியாக வெருளிக்கு நேரே வந்து நின்றது. கொண்டக்டர் இரத்தினம் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது ஏறாது" என்றான்.

பஸ் முழுக்கச் சிரித்தது. றைவர் அண்ணைக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. வெருளியை இன்னொருமுறை வடிவாகப் பார்த்தார்.

"கை காட்டுச்சு, நிப்பாட்டினேன். ஏறாட்டி அது இஷ்டம்" என்று சொல்லிக் கியரைப் போட்டார்.

அவர் அப்படித்தான். றோட்டில் யார் கையைத் தூக்கினாலும் அவருடைய கால் தானாகப் பிறேக்குக்குப் போகும். பஸ் தரிப்பிடம் என்று அரசாங்கம் பலகை நட்டு வைத்திருந்த இடங்களெல்லாம் அவருக்கு ஒரு பேச்சுக்குத்தான். விறகுக்கட்டோடு ஒரு மனிசி நின்றால் நிற்பார். சைக்கிள் காற்றுப் போய் உருட்டிக்கொண்டு வருகிறவனைக் கண்டால், அவன் கை காட்டாவிட்டாலும் நிறுத்தி, சைக்கிளை மேலே கட்டச் சொல்லுவார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சும்மா விளையாட்டுக்குக் கை காட்டிவிட்டு ஓடுவார்கள். அதற்கும் நிற்பார். "அண்ணை, அவங்கள் பகிடி விடுறாங்கள்" என்று இரத்தினம் சொன்னால், "பத்துல ஒருத்தன் நெசமா வரணும்னு இருப்பான் தம்பி" என்பார்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் வந்து சேர்ந்தவர். எங்களுடைய வாயில் ரீச்சர் என்று வருவது அவருடைய வாயில் டீச்சர் என்று வரும். நாங்கள் வாங்கோ என்றால் அவர் வாங்க என்பார். குட்டையான, அகலமான மனிதர். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல அவ்வளவு பெரியவை.

அப்போது நான் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு ஓமந்தையில். விடியப் போகும்போதும் அவர்தான், பின்னேரம் திரும்பும்போதும் அவர்தான். எண்பத்து மூன்றுக்குப் பிறகு வந்த அந்த இரண்டு மூன்று வருடங்களில், வீட்டில் இருந்த ஆட்களைவிட அவருடைய பிடரியைத்தான் நான் கூடுதலாகப் பார்த்திருப்பேன்.

அவருடைய முதுகுக்கு நேரே பின்னால், முதல் சீற்றில், கிளாக்கர் ஐயா இருப்பார். முல்லைத்தீவு அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை. அவரும் ஓமந்தைதான். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் குடை, மடியில் சாப்பாட்டுப் பை. பஸ் நிற்கும் ஒவ்வொரு தடவையும் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" பின்சீற் வரைக்கும் கேட்கும்.

"உம்மடை பஸ்ஸிலை வாறதை விட மாட்டுவண்டிலிலை போகலாம் காணும்" என்றார் ஒருநாள்.

"போகலாமுங்க ஐயா. ஆனா மாடு ஐயா வீட்டு கேட்டுல கரெக்டா நிக்குமா?"

ஓமந்தைத் தரிப்பிடம் கிளாக்கர் ஐயாவின் வீட்டைத் தாண்டி வெகுதூரம். ஆனால் பஸ் ஒவ்வொரு பின்னேரமும் அவருடைய படலைக்கு முன்னால்தான் நிற்கும். அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. முதல் நாள் யாரோ சொல்லி அந்த இடத்தில் நின்றது, பிறகு வழக்கமாகிவிட்டது.

ஆட்கள் கை காட்டாமலும் அவர் நிற்கிற ஓர் இடம் இருந்தது. மாங்குளம் காட்டுக்குள் ஒரு பாலம். கீழே ஆறு என்றும் சொல்ல முடியாது, வாய்க்கால் என்றும் சொல்ல முடியாது. கோடையிலும் ஒரு மடு வற்றாமல் கிடக்கும். அந்த பஸ்ஸின் எஞ்சின் பழசு, சூடாகும். அதனால் பாலத்தடியில் நிறுத்தி இரத்தினம் வாளியோடு தண்ணீருக்கு இறங்குவான். அந்த நேரத்தில் றைவர் அண்ணை தன் தலைக்கு மேலே, முன்கண்ணாடிக்கு மேல் கட்டியிருந்த நீளமான துணிப் பையை அவிழ்ப்பார்.

பை அவருடைய மனைவி பழைய சீலையில் தைத்தது. உள்ளே இரண்டு துண்டாகக் கழற்றி வைத்த ஒரு தூண்டில் தடி. எங்கள் ஊரில் மீன் பிடிக்கிறவர்கள் ஒரு கம்பு முறித்து, நூல் கட்டி, மண்புழுவைக் கொளுவுவார்கள். இது அப்படியில்லை. மூங்கில் கீலங்களைச் சேர்த்து ஒட்டி, மெருகு பூசி, வழி நெடுக நூல் போகச் சின்னச் சின்ன வளையங்கள் வைத்த தடி. அடியில் நூல் சுற்ற ஒரு சில்லு. கையால் பிடிக்கிற இடம் மட்டும் தக்கையால் செய்தது. போத்தல் மூடுகிற அதே தக்கை, வளையம் வளையமாக ஒட்டி, பிடிக்கு ஏற்றபடி நடுவில் கொஞ்சம் ஒடுக்கமாக. அது பிஸ்கற் நிறத்தில் இருந்தது. அவருடைய பெருவிரல் படுகிற இடம் மட்டும் கறுத்து மினுங்கியது. அவருடைய தகப்பன் தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டினவராம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை கப்பலேறினார். போகமுதல் தகப்பனுக்குக் கொடுத்தது இந்தத் தடியைத்தானாம்.

"வீடு குடுத்திருக்கலாம்" என்றேன்.

"வீடு இருந்தா எரிச்சிருப்பாங்க டீச்சர். இதைத் தோள்ல போட்டுட்டு வந்தேன்."

நின்றுகொண்டே வீசுவார். நூல் சத்தமில்லாமல் போய் மடுவின் மறுகரை நிழலில் விழும். பஸ்ஸிலிருந்து ஆண்களெல்லாம் இறங்கிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்லுவார்கள். சில நாள் ஒன்றும் அகப்படாது. சில நாள் ஒரு விரால். பிடித்த மீனை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதை நான் அவ்வளவாகக் கண்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சி யாராவது பஸ்ஸில் இருந்தால் அவளுக்கு. இல்லாவிட்டால் அன்றைக்கு யாருடைய முகம் வாடிக் கிடக்கிறதோ அவருக்கு. ஒருநாள் பெரிய விரால் ஒன்றைத் தேக்கிலையில் சுற்றிக் கிளாக்கர் ஐயாவின் மடியில் வைத்துவிட்டார். அந்தக் கிழமை முழுக்க "ம்" கேட்கவில்லை.

எழுபத்தேழில் இந்த மனிதர் மனைவியோடு றோட்டில் நின்று கை காட்டியிருக்கிறார், ஒரு வாகனமும் நிற்கவில்லை, அதனால்தான் இப்படி எல்லாருக்கும் நிறுத்துகிறார் என்று பஸ்ஸில் ஒரு கதை இருந்தது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். "யார் சொன்னா? நின்னுச்சே. மொத லொறியே நின்னுச்சு. மரக்கறி லொறி. கோவா மூட்டை மேல ஒக்காந்துதான் வந்தோம்."

"அப்ப அந்த நன்றிக்குத்தான் நிப்பாட்டுறியளோ?"

"அதுக்கு முன்னாடியும் நான் நிப்பாட்டிக்கிட்டுதான் இருந்தேன் டீச்சர். தோட்டத்துல கொழுந்து லொறி ஓட்டினப்போவே கங்காணிகிட்ட ஏச்சு வாங்குவேன்." பக்கக் கண்ணாடியைக் காட்டி, "கை காட்டுறவங்களத் தாண்டிப் போனா அப்புறம் கண்ணாடியில தெரிவாங்க. சின்னதாகிச் சின்னதாகிப் போவாங்க. அது எனக்கு ஏலாது" என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

எண்பத்தைந்து அல்லது எண்பத்தாறாக இருக்கவேண்டும். மாரி தொடங்குகிற காலம். அதற்கு முதல்நாள் கண்டி றோட்டில் எங்கோ கண்ணிவெடி வெடித்திருந்தது. பொழுதுபடமுதல் ஆமிச் சென்றிப் பொயின்ற்றைக் கடந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வருகிற வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று சொல்லமுடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குப் பாலத்தில்கூட அவர் நிற்கவில்லை. காட்டு வளைவொன்றில் திரும்பும்போது ஒரு பெண் றோட்டின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

"நிப்பாட்டாதை!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். உடனே பல குரல்கள். கிளாக்கர் ஐயா எழும்பி றைவர் அண்ணையின் தோளையே பிடித்துவிட்டார். "விலத்திப் போம் காணும்! நேரத்தைப் பாரும்!"

பஸ் நின்றது.

மகனைப் புடையன் பாம்பு கடித்துவிட்டதாம். தகப்பன் காட்டுக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு வருகிறாராம், இப்போது வந்துவிடுவாராம். அவளுக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். ஒற்றையடிப் பாதையில் ஒருவரும் வரவில்லை. ஒருவர் சனியனே என்று யாரையோ ஏசினார். ஒரு கிழவி கந்தசஷ்டி சொல்லத் தொடங்கினா. றைவர் அண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டு, இரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு பாதைக்குள் ஓடினார். திரும்பி வரும்போது பிள்ளை அவருடைய தோளில் கிடந்தது. கணுக்காலுக்கு மேலே சாரத்துண்டு கட்டி, கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. தகப்பன் பின்னால் தள்ளாடிக்கொண்டு வந்தார்.

சென்றிக்கு வரும்போது வெளிச்சம் போய்விட்டது. தூரத்திலேயே நிறுத்தச் சொல்லி விசில் அடித்தார்கள். எல்லாரையும் கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். ஏறிப் பார்த்த சிப்பாய்க்கு இருபது வயதுகூட இராது. துவக்கை நீட்டினபடியே ஒவ்வொரு சீற்றுக்குக் கீழும் குனிந்து பார்த்தான். முன்கண்ணாடிக்கு மேலே இருந்த நீளப் பையைக் கண்டதும் அவனுடைய குரல் மாறியது. பையை இழுத்து வெளியே எறிந்தான். இரண்டு தடித் துண்டுகளும் றோட்டில் விழுந்து உருண்டன.

றைவர் அண்ணைக்குச் சிங்களம் நன்றாக வரும். "மாளு அல்லன ஏக்க, மஹத்தயா. மாளு, மாளு" என்றார். மீன் பிடிக்கிறதுதான் ஐயா, மீன். சிப்பாய் அடித்துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தான். தடித்த தக்கைப் பிடி அவனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்திருக்கும். கத்தியை எடுத்துப் பிடியில் குத்தி நீளத்துக்குக் கீறினான். தக்கை கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மூங்கில்தான் இருந்தது. இன்னொரு பக்கத்தாலும் கீறிப் பார்த்தான். கைகளைத் தூக்கினபடி நின்ற றைவர் அண்ணை, "மஹத்தயா, ளமயா" என்று பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியவன் ஒருவன் ரோர்ச்சோடு வந்து பிள்ளையின் காலில் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். போகச் சொல்லிக் கையை வீசினான். இரத்தினம் தடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு ஏறினான்.

மாங்குளம் கழிந்த பிறகுதான் கிளாக்கர் ஐயா வாயைத் திறந்தார். பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

"ஒரு ஆளுக்காக ஒரு பஸ் சனத்தையே கொல்லப் பாத்தீர் காணும். உமக்கு வீட்டிலை பிள்ளை குட்டி இல்லை, எங்களுக்கு இருக்கு. இனி உம்மடை பஸ்ஸிலை மனிசர் ஏறுவினமோ?"

றைவர் அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லைத்தான். அவர் கியரை மாற்றினார். பதில் வந்தது எனக்குப் பக்கத்தில், பிள்ளையை மடியில் வைத்திருந்த அந்தப் பெண்ணிடமிருந்து.

"நான் கை காட்டியிருக்கக் கூடாது ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கிளாக்கர் ஐயா குடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். அன்றைக்கும் பஸ் அவருடைய படலைக்கு முன்னால்தான் நின்றது. அவரும் நானும் இறங்கினோம். அவரவர் வீட்டுக்குப் போனோம்.

பிள்ளை தப்பிவிட்டான். வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்து சுகமாகி வீட்டுக்குப் போனதாகத் தகப்பன் வந்து இரத்தினத்திடம் சொன்னாராம். ஆனால் அடுத்த நாளிலிருந்து பஸ் மாறிவிட்டது. பலகை நட்ட இடத்தில் நின்றது. பலகை இல்லாத இடத்தில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் மணி அடிக்கமுதல் போய்ச் சேர, அதிபர் எனக்கு என்ன சுகமில்லையோ என்று கேட்டார். பாலத்தடியில் இரத்தினம் மட்டும் இறங்கித் தண்ணீர் எடுத்து வருவான். முன்கண்ணாடிக்கு மேலே கயிறு மட்டும் தொங்கியது. பின்னேரங்களில் கிளாக்கர் ஐயாவின் படலை யன்னலுக்கு வெளியே ஓடி மறைந்தது. தரிப்பிடத்தில் இறங்கி, இருவரும் வந்த வழியே குடையோடு திரும்பி நடந்தோம்.

"நேரத்துக்கு வந்திட்டம்" என்றேன் ஒருநாள், வேறு கதை இல்லாமல்.

"ஓம் பிள்ளை" என்றார். தன் படலையைத் திறந்துகொண்டே, "அந்தப் பிள்ளையின்ரை தாய் என்னட்டையெல்லோ மன்னிப்புக் கேட்டவ" என்றார்.

இரத்தினத்திடம் விசாரித்தேன். தடி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, எடுத்துப் பார்க்கிறதில்லை என்று அண்ணையின் மனிசி சொல்லுகிறா என்றான். பிறகு ஒருநாள் அவவிடமே கேட்டு, அடித்துண்டை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போனான்.

எங்கள் ஆய்வுகூடத்தில் அமிலம் இருந்ததோ இல்லையோ, தக்கை ஒரு ரின் நிறைய இருந்தது. பரிசோதனைக் குழாய்களுக்குப் போடுகிற தக்கைகள். அவற்றில் ஓட்டை போடப் பித்தளைக் குழாய்களும் ஒரு தொகுதி இருந்தது. ஒவ்வொரு அளவில் ஒன்று. அதிபரிடம் கேட்டேன். "ஆருக்கு?" என்றார். சொன்னேன். "உந்த மனிசனுக்கோ? ரின்னோடை கொண்டுபோம்" என்றார்.

வேலை நான் நினைத்தமாதிரி இல்லை. பிடியின் மேல்பாதி போய்விட்டது. கீழ்ப்பாதியில் ஆழமாக ஒரு கீறல். பெயர்ந்து நின்ற துண்டுகளையும் பழைய பசையையும் பிளேட்டால் சுரண்டி எடுத்தேன். முதல் தக்கையில் போட்ட ஓட்டை பெரிதாகிவிட்டது. யாருடையவோ மோதிரத்தை என் விரலில் போட்டமாதிரித் தடியில் ஆடியது. அடுத்த அளவுக் குழாயால் போட்டபோது மூங்கிலுக்கு இறுக்கமாக இருந்தது. அப்படியே எல்லாத் தக்கைகளையும் துளைத்து முடித்துவிட்டு மேலிருந்து கோர்க்கப் போனால், நூல் ஓடுகிற முதல் வளையத்திலேயே தட்டுப்பட்டு நின்றது. வளையத்தைக் கழற்ற எனக்குத் தைரியம் இல்லை. ஒருநாள் முழுக்க மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு தக்கையையும் நடுவால் இரண்டாகப் பிளந்தேன். இரு பக்கத்தாலும் மூங்கிலை அணைத்து ஒட்டினால் வளையம் தடுக்காது. ஒட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பசை தண்ணீர் பட்டால் கரையும்.

நடந்து வரும்போது கிளாக்கர் ஐயாவிடம் சொன்னேன். அடுத்தநாள் பஸ்ஸில் ஏறியதும் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். இரண்டு ரியூப்பில் வருகிற, கலந்து பூசுகிற பசை. "மகன் கொழும்பிலையிருந்து வரேக்கை கொண்டந்தவன், என்ரை மூக்குக்கண்ணாடி ஒட்டவெண்டு" என்றார். அவருடைய கண்ணாடியின் கால் நூலால் கட்டிக் கிடந்தது.

ஒட்டி, சைக்கிள் ரியூப்பை நாடா நாடாக வெட்டி இறுக்கிச் சுற்றிக் காயவைத்தேன். அவிழ்த்தபோது தக்கை எல்லாம் அசையாமல் பிடித்திருந்தது. ஆனால் பார்க்க ஏதோ மரவள்ளிக் கிழங்கு மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. உருவுக்குக் கொண்டுவர அரத்தாளால் தேய்க்க வேண்டும். எனக்குப் பாடம், சோதனை வினாத்தாள், நேரமில்லை. "தாரும் பிள்ளை" என்று கிளாக்கர் ஐயா வாங்கிக்கொண்டார்.

அவர் அதை பஸ்ஸில் வைத்தே தேய்த்தார். றைவர் அண்ணைக்கு நேரே பின்னால், அதே முதல் சீற்றில், பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால். பஸ் முழுவதற்கும் தெரியும். பஸ் குலுங்குகிறபோதெல்லாம் சரக் சரக் என்று கேட்கும். வெள்ளைச் சேட்டு நெஞ்சிலிருந்து கீழே தக்கைத் தூள். தூளையும் வீணாக்கவில்லை. பசையில் குழைத்துக் கீறலையும் பொருத்துகளையும் அடைத்தார். தேய்ப்பார், கையால் பிடித்துப் பார்ப்பார், பக்கத்து ஆளிடம் பிடித்துப் பார்க்கக் கொடுப்பார். முறிகண்டிக்குப் போகிற கிழவர்கூட ஒருநாள் பிடித்துப் பார்த்து, "இதிலை கொஞ்சம் இன்னும் எடுக்கோணும்" என்றார்.

றைவர் அண்ணையின் தலைக்கு மேலே ஆட்களைப் பார்க்கிற கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் பேப்பரும் தெரியும், பேப்பருக்குப் பின்னாலும் தெரியும்.

முடிந்ததும் கிளாக்கர் ஐயா அதை அவருடைய கையில் கொடுக்கவில்லை. ஓமந்தையில் இறங்கும்போது எஞ்சின் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு விறுவிறென்று இறங்கிப் போய்விட்டார். அடுத்தநாள் விடிய சீலைப்பை முன்கண்ணாடிக்கு மேலே பழையபடி இருந்தது.

"டீச்சர், பிடி கொஞ்சம் தடிப்பு" என்றார் என்னிடம். "என் கைக்குச் சரிதான். ஐயாகிட்ட சொல்லுங்க, தேச்சது போதும்னு."

பிடி பழையதும் புதியதுமாக இரண்டு நிறத்தில் இருந்தது. ஒருமுறை பையை அவிழ்த்துப் பெருவிரலால் தடவிப் பார்த்ததைக் கண்டேன். ஆனால் பாலத்தில் இறங்கவில்லை. கை காட்டினவர்களுக்கு நிற்கவுமில்லை. அவர்கள் கண்ணாடியில் சின்னதாகிப் போவதை அவர் பார்க்கிறாரா என்று நான் பார்ப்பேன். பார்க்கமாட்டார்.

எண்பத்தேழுக்குப் பிறகு அந்த வழியில் பஸ் ஓடுவது நின்றுபோனது. நான் கலியாணம் செய்து வேறிடம் போனேன். அவர் செட்டிகுளப் பக்கம் காணி கிடைத்துத் தோட்டம் செய்கிறார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, மலைநாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார் என்று இன்னொருவர். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அவரை நினைக்கும்போது எனக்கு வருவது இன்னொரு பின்னேரம்.

மாரி முடிந்து வெயில் ஏறியிருந்தது. சனம் குறைவு. கச்சான் தோட்டங்கள் கழிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு வயதுபோன மனிதர் ஆட்டுக்கடா ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கை காட்டினார். பஸ் தாண்டிப் போனது.

"நிப்பாட்டும் காணும்" என்றார் கிளாக்கர் ஐயா.

"போர்டு இல்லீங்க ஐயா."

"போர்ட் இல்லாட்டி என்ன? வயசுபோன மனிசன்."

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. கிளாக்கர் ஐயா எழும்பி மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். விடாமல் இழுத்தார். "எனக்கு இறங்கோணும். நிப்பாட்டும். எனக்கு இதிலை இறங்கோணும்!"

இறங்க வேண்டும் என்று கேட்கிற ஆளை இறக்காமல் போக முடியாது. பஸ் நின்றது. கிளாக்கர் ஐயா குடையும் சாப்பாட்டுப் பையுமாக அந்தக் காட்டுக்குள் இறங்கினார். பஸ்ஸைச் சுற்றி முன்னால் போனார். றோட்டுக்கரையில் நின்று, முன்கண்ணாடிக்கு நேரே, றைவர் அண்ணையைப் பார்த்தபடி கையைத் தூக்கினார்.

"கை காட்டிறன்!" என்று கத்தினார். "ஏத்துவீரோ, மாட்டீரோ?"

பஸ்ஸுக்குள் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பின்சீற்றில் யாரோ சிரித்தார்கள். றைவர் அண்ணை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். வெளியே கிளாக்கர் ஐயாவின் தூக்கின கை நோகத் தொடங்கியிருக்க வேண்டும், மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இறக்கவில்லை.

"ஏறுங்க ஐயா" என்றார் றைவர் அண்ணை யன்னலால்.

"முதல் அந்த மனிசனை ஏத்தும்!"

அந்த மனிதர் மிகத் தூரத்தில், ஆட்டை இழுத்துக்கொண்டு ஓடியும் நடந்தும் வந்துகொண்டிருந்தார். றைவர் அண்ணை றிவர்ஸ் கியரைப் போட்டார். இரத்தினம் பின்னால் குதித்து விசில் அடிக்க, அந்தப் பெரிய பஸ் காட்டு றோட்டில் பின்பக்கமாகப் போகத் தொடங்கியது. கிளாக்கர் ஐயா பஸ்ஸுக்குப் பக்கத்தில், "வரட்டும், வரட்டும், இடப்பக்கம் குழி, பாத்து" என்று குடையை ஆட்டிக்கொண்டு நடந்தார். அந்த மனிதருக்கு என்ன நினைப்பதென்று தெரியவில்லை. தன்னை நோக்கிப் பின்பக்கமாக வருகிற பஸ்ஸைக் கண்டு ஆட்டோடு பற்றைக்குள் ஒதுங்கி நின்றார். அவரை ஏற்றி, ஆட்டையும் ஏற்றி, கிளாக்கர் ஐயாவும் ஏறிக் கடைசி சீற்றில் ஆட்டுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார்.

பஸ் வெளிக்கிடவில்லை. றைவர் அண்ணை ஸ்டியரிங்கில் குனிந்திருந்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். இரத்தினம் ரிக்கற் புத்தகத்தோடு முன்னுக்குப் போனவன் பாதியில் நின்று திரும்பி வந்தான்.

"கொஞ்ச நேரம் ஒருத்தரும் முன்னுக்குப் போகாதேங்கோ" என்றான்.